வைரம் பாய்ந்த கட்டை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை வெட்டி, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

"வைரம்"னு சொன்னா நம்மில் பல பேருக்கு முதல்ல மோதிரம்தான் ஞாபகம் வரும். இதே சொல்லை ஒரு மரக்கடையில் போய்ச் சொல்லிப் பாருங்க. அங்கே வைரம்னா மரத்தோட நடுப்பகுதி. கருத்து, இறுகி, எண்ணெய்ப் பசையோட இருக்கும். சுத்தி வெள்ளையா இருக்கிற பகுதியைக் கரையான் சீக்கிரம் அரிச்சிடும். வைரம் பாய்ந்த கட்டையை அவ்வளவு சுலபமா தொடாது. அதனால்தான் கதவு நிலைக்கும் உத்தரத்துக்கும் அதைத் தேடி எடுப்பாங்க. ஒரு கல்லுக்கும் ஒரு கட்டைக்கும் தமிழில் ஒரே பெயர். ரெண்டும் சுலபத்தில் அழியாது என்கிற எண்ணம்தான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

இன்னைக்குப் பேசப்போறது இதைத்தான்: ஒரு கல் எவ்வளவு காலம் நிக்கும்? எது நிக்கும், எது போயிடும்? இதைப் பேச ஆப்பிரிக்கச் சுரங்கத்துக்கோ பெல்ஜியம் பட்டறைக்கோ போக வேண்டியதில்லை. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரமே போதும். கட்டை கல்லாகிக் கிடக்கிற ஊரும் இங்கே இருக்கு. "அழியக்கூடிய பொருள் எதுவும் இல்லாமல் கட்டினேன்"னு ஒரு ராஜா எழுதி வைத்த குகையும் இங்கே இருக்கு.

முதல்ல கட்டை. திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் போனால் திருவக்கரை. வக்கரகாளியம்மன் கோயில் என்றால் சுத்துப்பட்டு எல்லாருக்கும் தெரியும், பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும். அந்த ஊருக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டரில் தேசியக் கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கிறது, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. மொத்தப் பரப்பு சுமார் 247 ஏக்கர், ஒன்பது துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. நாம் பார்க்கக்கூடியது அதில் சின்னப் பகுதிதான்.

உள்ளே போனதும் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். சிவப்பு மண், முள்செடி, அங்கங்கே விழுந்து கிடக்கிற மரத்துண்டுகள். யாரோ மரம் வெட்டிப் போட்டுவிட்டு எடுக்காமல் போன மாதிரி இருக்கும். கிட்டே போய்க் குனிஞ்சு பார்த்தால்தான் தெரியும்: நரம்பு ஓடுது, கணு இருக்கு, குறுக்குவெட்டில் வளையம் இருக்கு. தொட்டால் ஜில்லுன்னு கல். வயசு சுமார் 2 கோடி ஆண்டு. சுமார் 200 மரங்கள், நீளம் 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை. எல்லாமே படுத்துக் கிடக்கின்றன. கிளை இல்லை, வேர் இல்லை, இலை இல்லை. அதனால் இவை இங்கேயே வளர்ந்தவை அல்ல, வேறெங்கோ விழுந்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு இங்கே மண்ணுக்குள் புதைந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ஊரில் சொல்லும் கதை வேற. வக்கராசுரன் என்ற அரக்கனைப் பெருமாள் கொன்றார், அவனுடைய எலும்புகள்தான் இவை என்பார்கள். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். உயிரோடு இருந்த ஏதோ ஒன்று செத்துக் கல்லாகியிருக்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? ஐரோப்பியர்களில் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இல்தான் இதைப் பதிவு செய்கிறார்.

இங்கே இன்னொரு சுவாரசியம். திண்டிவனம் என்ற பெயர் "திந்திரிணி வனம்", அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். திருவக்கரைக் கல்மரங்களில் அடையாளம் கண்ட வகைகளில் புளியமரத்தின் சொந்தக்காரர்களும் உண்டு. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, நடுவில் 2 கோடி வருஷம் இருக்கு. ஆனாலும் பஸ்ஸில் "திண்டிவனம்" என்ற போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, கட்டை எப்படிக் கல்லாச்சு? மரம் விழுந்தால் சாதாரணமாக என்ன ஆகும்? பூஞ்சையும் கரையானும் தின்னும், பத்து இருபது வருஷத்தில் மண்ணாகிவிடும். ஆனால் வெள்ளம் அதை இழுத்துவந்து சட்டென்று மணலில் மூடிவிட்டால், காற்று போகாது. ஆக்சிஜன் இல்லாமல் மக்கும் வேலை மந்தமாகிறது. அந்த இடைவெளியில் நிலத்தடி நீர் தன் வேலையைத் தொடங்குகிறது. அந்த நீரில் கொஞ்சமே கொஞ்சம் சிலிக்கா கரைந்திருக்கும். அது மரத்தின் செல்களுக்குள் போய்ப் படிகிறது. முதலில் செல்லின் உள்வெளி நிரம்புகிறது, அப்புறம் செல் சுவர் இருந்த இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொள்கிறது. மரத்தின் அச்சு அப்படியே நிற்கிறது, உள்ளே இருக்கும் பொருள் மாறிவிடுகிறது. கூடவே வந்த இரும்பு ஆக்சைடு சிவப்பும் பழுப்பும் கொடுக்கிறது.

அந்தச் சிலிக்கா எங்கிருந்து வந்தது? பாறைகளிலிருந்து. நம்ம ஊரில் "கருங்கல்" என்று பொதுவாகச் சொல்கிற பாறையில் முக்கியமாக ரெண்டு கனிமம் இருக்கும்: ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ். குவார்ட்ஸ்தான் நம்ம வெங்கச்சங்கல். சின்ன வயசில் ரெண்டை உரசித் தீப்பொறி பார்த்திருப்பீங்க. ஃபெல்ஸ்பார் மழைநீரில் மெதுவாகச் சிதைந்து களிமண்ணாகிறது. அப்போது கொஞ்சம் சிலிக்கா கரைந்து தண்ணீரோடு போகிறது. குவார்ட்ஸ் அவ்வளவாகக் கரையாது, மணலாக மிஞ்சுகிறது. மரக்காணம் கடற்கரையில் காலில் ஒட்டுகிற மணலில் பெரும்பங்கு ஏதோ ஒரு மலையில் மிஞ்சின குவார்ட்ஸ்தான்.

இப்போ நகைக்கடை விஷயத்துக்கு வருவோம். கல்லின் உறுதியைப் பற்றிப் பேசினால் எல்லாரும் மோஸ் அளவுகோலைச் சொல்வார்கள். ஃப்ரீட்ரிக் மோஸ் 1812இல் போட்ட பட்டியல்: 1 முதல் 10 வரை, எது எதைக் கீறும் என்ற வரிசை. நகம் 2.5, பேனாக்கத்தி 5.5, குவார்ட்ஸ் 7, மாணிக்கமும் நீலமும் 9, வைரம் 10. எங்களைப் போல டேட்டாவோடு வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இது வெறும் ரேங்க். வகுப்பில் முதல் ரேங்குக்கும் இரண்டாவது ரேங்குக்கும் நடுவில் எத்தனை மார்க் என்று ரேங்கைப் பார்த்துச் சொல்ல முடியாது இல்லையா, அந்த மாதிரி. 9க்கும் 10க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மத்த எல்லாப் படிகளையும் விட ரொம்பப் பெரிசு.

இந்தப் பட்டியலில் அன்றாட வாழ்க்கைக்கு முக்கியமான எண் 10 கிடையாது, 7தான். ஏன்னா நம்மைச் சுற்றி இருக்கிற தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கு. 7க்குக் கீழே இருக்கிற எதுவும் தினமும் துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்து மங்கும். உங்க போன் ஸ்கிரீனில் சாவி படாமலேயே கீறல் விழுதே, பாக்கெட்டில் இருக்கிற மணல் துகள்தான் பெரும்பாலும் காரணம்.

இதை மனசில் வைத்துக்கொண்டு ஒரு நவரத்தின மோதிரத்தைப் பாருங்க. வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, வைடூரியம் 8.5, மரகதம் 7.5 முதல் 8, கோமேதகம் ஏறக்குறைய 7. இவங்களோட ஒரே வட்டத்தில் பவளம் 3 முதல் 4, முத்து 2.5 முதல் 4.5. முத்தும் பவளமும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பின் உறவு. வியர்வை, எலுமிச்சம்பழம், வினிகர் எல்லாம் அதைத் தின்னும். பழைய நவரத்தின மோதிரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்க, எந்த ரெண்டு கல் மங்கியிருக்கும் என்று உங்களுக்கு இப்பவே தெரியும். கொற்கை முத்து ரோம் வரைக்கும் போனது. ஆனால் அந்தக் காலத்து முத்து இன்று கையில் கிடைப்பது அபூர்வம். புதைந்த இடத்தின் மண் கொஞ்சம் புளிப்பாக இருந்தாலும் முத்து கரைந்துபோகும்.

கீறல் விழாமல் இருப்பது ஒரு குணம். உடையாமல் இருப்பது வேற குணம். வைரத்தை எதாலும் எளிதில் கீற முடியாது, ஆனால் அதன் படிகத்தில் நாலு திசையில் பிளவுத் தளங்கள் இருக்கு. அந்தத் திசையில் சரியாக ஒரு தட்டு விழுந்தால் பிளந்துவிடும். 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908இல் ஜோசப் ஆஷர் ஒரு எஃகுத் தகடும் சுத்தியலும் வைத்துத்தான் பிளந்தார். இது தெரியாமல் ரோமானிய எழுத்தாளர் பிளினி, நல்ல வைரத்தைப் பட்டறைக்கல்லில் வைத்து அடித்தால் சுத்தியல்தான் உடையும், ஆட்டு இரத்தத்தில் ஊறப்போட்டால் மட்டும் வைரம் இளகும் என்று எழுதி வைத்துவிட்டார். இதை நம்பி எத்தனை பேர் நல்ல வைரத்தைப் பொடியாக்கினார்களோ!

மூன்றாவது குணம், வேதியியல் உறுதி. வெப்பம், தண்ணீர், அமிலம் இவற்றைத் தாங்குமா என்பது. வைரம் கார்பன்தான், ஆக்சிஜனில் போதுமான சூடு கொடுத்தால் எரிந்து வாயுவாகப் போய்விடும். லவாய்சியர் 1770களிலேயே வைரத்தை எரித்துக் காட்டினார். ஓபல் தண்ணீரை உள்ளே வைத்திருக்கும், காய்ந்தால் வெடிப்பு விழலாம்.

இப்போ திருவக்கரைக் கட்டையை இந்த மூணு தேர்விலும் உட்கார வையுங்க. கடினம் 6.5 முதல் 7. தூசியை ஓரளவு சமாளிக்கும். பிளவுத் தளம் கிடையாது, நுண்ணிய படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இதே வகைப் பொருளான அகேட்டில்தான் வேதியியல் ஆய்வகத்துக் குழவியும் கல்வமும் செய்கிறார்கள். சாதாரண அமிலத்தில் கரையாது, எரியாது. எதிலும் முதல் மார்க் இல்லை, எல்லாவற்றிலும் பாஸ். வைரத்துக்கு இந்த மார்க் ஷீட் வராது.

இதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அதே மாவட்டத்தில் மேற்கே வாங்க. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு. வயல் நடுவே ஒரு பாறைக் குன்று, அதில் குடைந்த ஒரு சின்ன மண்டபம். ரெண்டு பக்கமும் ஆளுயரத்தைத் தாண்டின துவாரபாலகர்கள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தது. மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு இது எளிமையாகத் தெரியும். ஆனால் அங்கே இருக்கும் வடமொழிக் கல்வெட்டின் விஷயம் எளிமை கிடையாது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்தக் கோயிலை ஆக்கினான் என்பது அதன் பொருள். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்.

ஒரு கட்டடக் கல்வெட்டில் "எதைப் போட்டுக் கட்டினேன்" என்று சொல்வதுதான் வழக்கம். இவர் எதெல்லாம் போடவில்லை என்று பட்டியல் போடுகிறார். எனக்கு இது ஒரு டிசைன் டாக்குமென்ட் மாதிரி தெரியுது. அந்த நாலு பொருளும் எப்படிப் பழுதாகும் என்று பாருங்க. மரத்துக்குக் கரையானும் தீயும். செங்கல்லுக்குள் ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பொரிந்து உதிரும். இடுக்கில் ஒரு அரசமரக்கன்று முளைத்தால் போதும். சுதை சுண்ணாம்பு, மழைநீரில் கரையும். இரும்பு துருப்பிடிக்கும்.

செம்பும் தங்கமும்? செம்பில் பாசி பிடித்தாலும் சீக்கிரம் அழியாது, தங்கம் அழியவே அழியாது. அப்போ உலோகத்தை ஏன் அந்தப் பட்டியலில் சேர்த்தார்? கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. என்னுடைய கணிப்பு: உலோகத்துக்கு எதிரி மழை கிடையாது, மனுஷன். உருக்கினால் வேறொன்று ஆகிவிடும்.

இதற்கு இதே மாவட்டத்தில் ஒரு சாட்சி இருக்கு, எசாலம். அங்கே ராமநாதேசுவரர் கோயில் திருப்பணி நடந்தபோது 1987இல் மண்ணுக்கடியிலிருந்து ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் கிடைத்தன. மண்ணுக்கடியில் யார் கண்ணிலும் படாமல் இருந்ததால் பிழைத்தவை அவை. வெளியில் இருந்திருந்தால் எந்தக் காலத்திலோ அண்டாவாகவோ பீரங்கியாகவோ ஆகியிருக்கும்.

சோழர்களைப் பேசும்போது தஞ்சாவூரைச் சொல்லாமல் விட முடியாது. ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் கோயில் சுவரிலேயே இருக்கு. படிச்சா மலைப்பா இருக்கும். ஒவ்வொரு நகையிலும் எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து என்ற கணக்கு. முத்துக்கு மட்டும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து என்று ரகம் பிரித்திருக்கிறார்கள். கல்லில் இருக்கும் பொத்தல், முறிவு எல்லாம் பதிவாகியிருக்கு. பொன்னை எடை போட்ட எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான், நகைகளை எடை போட்ட கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன். இவ்வளவு கறாரான கணக்கு. இன்றைக்கு அந்த நகைகள் இல்லை. கடினம் 9ம் 10ம் போய்விட்டன. அவற்றைப் பற்றிய குறிப்பு, ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்த சாதாரணச் சுவரில், 1000 வருஷமாக நிற்கிறது. மூலம் போய் பேக்கப் மட்டும் மிஞ்சின கதை.

அந்த மாணிக்கங்கள் கரைந்திருக்காது. உலகத்தில் எங்கேயோ ஏதோ ஒரு நகையில் இருக்கலாம். ஆனால் இது அதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. பிடுங்கி, மறுபடி பட்டை தீட்டி, வேறு தங்கத்தில் பதித்துவிட்டால் கல்லுக்கு அடையாளம் போச்சு. கோஹினூரே இதற்குத் தப்பவில்லை. 1849இல் துலீப் சிங்கிடமிருந்து பிரிட்டிஷார் எடுத்துப்போனபோது சுமார் 191 காரட். லண்டனில் பார்த்தவர்கள் "என்ன, ஜொலிக்கவே இல்லையே" என்று குறைப்பட, 1852இல் மறுபடி பட்டை தீட்டினார்கள். இப்போது 105.6 காரட். பாதிக்குக் கொஞ்சம் கம்மியாகப் பொடியாகப் போய்விட்டது. உலகிலேயே கடினமான பொருளுக்கு இந்த கதி என்றால், அதைத் தேய்த்தது இன்னொரு வைரத்தின் பொடிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

அப்போ உறுதிக்கு நாலாவது ஒரு குணம் வேணும் என்று எனக்குத் தோணுது. கனிமவியல் புத்தகத்தில் இது இருக்காது. யாருக்கும் அது மேல ஆசை வரக்கூடாது.

இதற்கு நல்ல உதாரணம் அரிக்கமேடு. நிர்வாகப்படி புதுச்சேரி என்றாலும் திருவக்கரையிலிருந்து ஒரு நடை பஸ்ஸில் போய்விடலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமானியச் சரக்கு வந்து இறங்கின துறைமுகம், கூடவே மணி செய்யும் ஊர். 1937 வாக்கில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், அங்கே விளையாடிய பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த கற்களில் ஒன்றில் ஒரு தலை செதுக்கியிருப்பதைப் பார்த்து, அது ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்றார். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், அப்புறம் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. கண்ணாடி மணிகளோடு சூதுபவளம், அகேட், படிகம், செவ்வந்திக்கல், கார்னெட் என்று கல்மணிகளும் வெட்டிப் போட்ட கழிவுகளும் கிடைத்தன.

சூதுபவளம் என்பது கடலில் கிடைக்கும் பவளம் கிடையாது. இரும்பு கலந்த சிலிக்கா, சூடு காட்டினால் சிவப்பு ஏறும். அகேட்டும் சூதுபவளமும் படிகமும் செவ்வந்திக்கல்லும் திருவக்கரைக் கட்டையும் வேதியியலில் ஒரே பொருள்: சிலிக்கா. மணி கோக்க அதில் துளை போடணுமே, 7 கடினத்தில் துளை போட அதைவிடக் கடினமானது வேணும். அந்தக் காலத்து இந்தியக் கல்மணிகளில் வைரச் சில்லுப் பதித்த துரப்பண முனையின் தடம் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வைரம் வேலைக்காரன், சூதுபவளம் முதலாளி! அந்த முனைகள் எங்கே போச்சோ, மணிகள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கு. துளை போடும்போது உடைஞ்ச மணி, அரைகுறையா விட்ட மணி, இதெல்லாம் அன்றைக்கே குப்பையில் போட்டது. யாரும் திருடவில்லை, உருக்கவில்லை, மறுபடி தீட்டவில்லை. மழை பெய்தால் மேலே வரும், பிள்ளைகள் பொறுக்குவார்கள், அவ்வளவுதான்.

அதே காலத்தை ஒட்டி, இன்று திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட கிடங்கிலில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் இருந்தான், சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். அவன் அரண்மனையின் மரமும் செங்கல்லும் இன்று இல்லை. மண்டகப்பட்டிலும் பாருங்க, பாறை நிற்கிறது, மூன்று கருவறையும் காலி. உள்ளே இருந்த மூர்த்திகள் மரத்திலோ சுதையிலோ செய்யப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். அழியாத வீட்டைக் கட்டினார், குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். விழுப்புரம்–திருவண்ணாமலை ரோட்டில் கீழ்வாலைப் பாறை ஓவியங்கள் அதைவிடப் பழசு. இரும்பு ஆக்சைடு கலந்த செம்மண்ணைக் குழைத்துப் போட்ட கோடு, இன்னும் சிவப்பாகத் தெரிகிறது. அதன் மேலே "ஐ லவ் யூ" எழுதுகிற நம்ம ஆட்களைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

திருவக்கரைக்கும் இதே கேள்விதான். 2 கோடி வருஷம் அந்தக் கட்டைகள் மேல யாருக்கும் ஆசை வரல. இப்போ வந்திருக்கு. கல்மரத்தை வெட்டி மெருகேற்றினால் சூதுபவளம் மாதிரி பளபளக்கும். வரவேற்பறை மேசைக்கும் பேப்பர் வெயிட்டுக்கும் உலகச் சந்தையில் நல்ல கிராக்கி. அந்த அளவுக்குப் போக வேண்டாம், சுற்றிப் பார்க்க வந்தவர் ஒரு சின்னத் துண்டைப் பாக்கெட்டில் போடுவதே போதும். அதோட வானூர், திருவக்கரை வட்டாரம் முழுக்கக் கல்குவாரி, கிரஷர். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் பாறையை உடைக்கிறார்கள். பாறை சிதைந்து மணலாக இயற்கை லட்சக்கணக்கான வருஷம் எடுக்கிற வேலையை ஒரு கிரஷர் ஒரு ஷிப்டில் முடிக்கிறது. நான் இருக்கிற அபார்ட்மென்டும் இப்படி உடைத்த கல்லில் கட்டியதுதான். அதனால் குவாரியே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்தப் பாறையை உடைக்கலாம், எதன் பக்கத்தில் போகக்கூடாது என்று கோடு போட்டுக் காப்பாற்றுவது முடியாத காரியமில்லை என்றுதான் சொல்வேன்.

அமெரிக்காவில் அரிசோனா கல்மரக்காட்டுக்கு இதுதான் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வந்தது, கூட்டம் வந்தது. கல்மரத்துக்குள்ளே செவ்வந்திக்கல் இருக்கும் என்று வெடி வைத்து உடைத்தார்கள். உப்புத்தாள் மாதிரி தேய்க்கும் பொருள் செய்ய, மரங்களை இடித்துப் பொடியாக்க ஒரு ஆலையே கட்டினார்கள். நல்லவேளை, வேறு இடத்தில் மலிவான மூலப்பொருள் கிடைத்ததால் அது ஓடவில்லை. 1906இல் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். அதற்கப்புறமும் துண்டு எடுத்துப்போகிறவர்கள் இருந்தார்கள். சிலர் வருஷங்கள் கழித்து மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைப் பார்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாததால் அதை மறுபடி காட்டுக்குள் போட முடியாது. போட்டால் ஆய்வாளர்களைக் குழப்பும். அதனால் வந்த கற்களை எல்லாம் ஓரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயரே மனசாட்சிக் குவியல். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதே சிலிக்கா, அதே கடினம் 7. எங்கே கிடந்தது, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தது, பக்கத்தில் எந்த மரம் என்கிற தகவல்தான் போய்விட்டது. திருவக்கரை மரங்கள் வெள்ளத்தில் வந்தவை என்று நமக்குத் தெரிந்ததே, அவை கிடக்கிற கிடையை வைத்துத்தானே.

போற போக்கில் ஒரு தகவல். என் துறையில் டேட்டாவை நீண்ட காலம் சேமிப்பது பெரிய தலைவலி, ஹார்ட் டிஸ்க் பத்து வருஷம் ஓடினாலே அதிசயம். மைக்ரோசாஃப்ட் 2019இல் ஒரு சோதனை செய்தது: 1978ஆம் வருஷத்து சூப்பர்மேன் படத்தை லேசரால் ஒரு சின்னச் சதுரக் கண்ணாடிக்குள் எழுதிவைத்தது. என்ன கண்ணாடி தெரியுமா? குவார்ட்ஸ் கண்ணாடி. திரும்பவும் சிலிக்காதான்.

திருவக்கரை போறதா இருந்தால் காலையிலேயே போயிடுங்க, உள்ளே நிழல் குறைவு. காளியம்மன் கோயிலோடு இருக்கும் சந்திரமௌலீசுவரர் கோயிலையும் பாருங்க. செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றிய செம்பியன் மாதேவியின் கை பட்ட இடம் அது. மண்டகப்பட்டை அதே நாளில் சேர்த்துக்கலாம், பக்கத்தில் தளவானூர்க் குடைவரையும் இருக்கு. பூங்காவில் கட்டைகளைத் தொட்டுப் பார்க்கலாம் என்று காவலாளி விட்டால் தொட்டுப் பாருங்க, வளையத்தை எண்ணிப் பாருங்க, போட்டோ எடுங்க. கையில் எதுவும் வேண்டாம்.

அடுத்த எபிசோடில் செஞ்சிக் கோட்டையின் தண்ணீர் ஏற்பாடு.